சுகமானாள் என்று சொன்னேன்

ஐந்து நிமிடம் கொடுத்தால் ஓர் அவையைச் சிரிக்க வைக்கவும், அந்த ஐந்தாவது நிமிடம் முடிவதற்குள் அதே அவையை அழ வைக்கவும் எனக்குத் தெரியும். இதைத் தற்பெருமை என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்வேன். பொய் என்று சொன்னால் மறுப்பேன். பள்ளியிலும் கல்லூரியிலும் நான் சுமந்து வந்த சுழற்கேடயங்கள் அதற்குச் சான்று. மேடை எனக்கு மூன்று பாடங்களைத் தந்தது. முதல் வரியிலேயே அவையைப் பிடி. எதிரணியின் வலுவான வாதத்தை நீயே எடுத்துச் சொல்லி நீயே உடை. கைதட்டல் அடங்குமுன் அடுத்த வரியைத் தொடங்காதே. இந்த மூன்றையும் ஒரு நாள் நான் ஆலயத்தில் பயன்படுத்தினேன். அதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் இராஜபாளையத்தில், பஞ்சாலைச் சங்கு கேட்கும் தொலைவில் எங்கள் வாடகை வீடு இருந்தது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அம்மா காஸ் துணிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். என்னைவிட நான்கு வயது மூத்த அக்காளால் நெடுநேரம் நிற்க முடியாது. ஆகவே வெட்டிய துணியை அம்மா மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள். அக்காள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அதைச் சதுரம் சதுரமாக மடித்து நூறு நூறாகக் கட்டுவாள். அறுவை செய்யும்போது ரத்தம் ஒற்றி எடுப்பதற்கான துணி அது. என் ஒத்திகைகள் எல்லாம் அந்த வெள்ளைக் குவியலுக்கு முன்னால்தான் நடந்தன.

அக்காள் ஓர் எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொள்வாள். நான்காம் நிமிடத்தில் கரண்டியால் ஒரு தட்டு. ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு. அதுதான் போட்டி மணி. மடிக்கிற கை மட்டும் நிற்காது.

"ஏலே, மணி அடிச்சாச்சு. எறங்கு."

"முடிவுரை பாக்கி இருக்குக்கா."

"உன் முடிவுரைய எறும்பு கேக்கட்டும். நான் சோத்த வடிக்கணும்."

"உனக்கு ரசனை இல்லக்கா."

"ரசனை இருக்குடா. மூச்சுதான் இல்ல. நீயும் வாங்க மாட்டேங்குத, என்னயும் வாங்க விட மாட்டேங்குத."

மூச்சைப் பற்றி அவள் கேலி செய்வது வழக்கம். பத்து வயதில் அவளுக்கு மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இருதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. அது மீண்டும் வராமலிருக்க இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. தவறினால் காய்ச்சல் திரும்பி, மிச்சமிருக்கும் வால்வையும் தின்றுவிடும். மருத்துவர் இதை அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஊசி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில். அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்காது. நான்தான் அக்காளை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போவேன். ஜன்னலில் கோயில் கோபுரம் தென்பட்டதும் அவள் மஞ்சள் பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வாள். ஊசி முடிந்ததும் காலை இழுத்து இழுத்து நடந்து, எனக்கு மட்டும் இலையில் கொஞ்சம் பால்கோவா வாங்கித் தருவாள். "வலிச்சது எனக்கு, இனிப்பு ஒனக்கு. நல்ல பங்குடா" என்பாள்.

அப்பா சேர்ந்திருந்த கிறிஸ்தவச் சபையும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருந்தது. அவர் போன பிறகும் நாங்கள் அதை விடவில்லை. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபித்த காரியம் கைக்கு வருமுன்னரே, வந்துவிட்டதாக எழுந்து நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்லுவார்கள். மழைக்கு முன்னரே மழைக்கு நன்றி. வேலை உத்தரவுக்கு முன்னரே வேலைக்கு நன்றி. ஆனால் தொடங்கும்போது எல்லோரும் ஒன்றைச் சொல்லிக்கொள்வார்கள்: "விசுவாசத்தில சொல்லுதேன்." படிக்காத விவசாயிகள்கூட அதை விட்டதில்லை. இன்னும் கண்ணால் காணவில்லை, ஆயினும் நம்புகிறேன் என்பது அதன் பொருள். அந்தச் சாட்சிகளை நேர்மையாக வைத்திருந்தது அந்த இரண்டு வார்த்தைகளே.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது வந்த தோத்திரப் பண்டிகை அது. ஊர் ஊராக மக்கள் வாழைத்தாரும் நெல்லும் கோழியுமாகக் காணிக்கை கொண்டுவந்திருந்தார்கள். அந்த மாதம்தான் ‘காணாமல் நம்புவதே உண்மையான காட்சி’ என்ற தலைப்பில் வாதாடிக் கேடயம் வென்றிருந்தேன். போதகர் அதை அறிவித்துவிட்டு, "தம்பி ஒரு சாட்சி சொல்லட்டும்" என்று அழைத்தார்.

அதற்கு முந்தைய மூன்று நாளும் நான் அக்காளுக்காக உபவாசமிருந்து ஜெபித்திருந்தேன். அது உண்மையான ஜெபம். இன்றும் அதைப் பழிக்க மாட்டேன். ஆலயத்துக்கு ஒன்பது படிகள். வழக்கமாக அக்காள் ஐந்தாவது படியில் நின்று மூச்சு வாங்குவாள். அன்று நிற்காமல் ஏறிவிட்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

‘விசுவாசத்தில் சொல்லுகிறேன்’ என்று தொடங்கினால் முதல் வரி தளரும் என்று என் காது எச்சரித்தது. நான் அதை விட்டுவிட்டேன். மறக்கவில்லை, விட்டேன்.

"மருத்துவம் கைவிரித்தது, மீட்பர் கைநீட்டினார். ஐந்தாம் படியில் நின்ற மூச்சு இன்று ஒன்பது படிகளைக் கடந்தது. என் அக்காள் சுகமானாள்!"

நிறுத்தினேன். தோத்திரம், அல்லேலூயா என்ற ஒலி எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, பெண்கள் பக்கம் கையை நீட்டி, "அக்கா, எழுந்து நில்" என்றேன்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் எழுந்தாள். எல்லோர் கண்ணும் அவள்மேல். அவள் கண் என்மேல். சிரித்தாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் மெல்லக் கேட்டார். "டாக்டர்ட்ட காட்டியாச்சா தம்பி?"

"டாக்டரிடம் காட்டிவிட்டு நம்பினால் அது விசுவாசமா ஐயா, ரசீதா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிரணியின் வலுவான வாதத்தை உடைத்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு.

பெண்கள் அக்காளைச் சூழ்ந்துகொண்டார்கள். வ. புதுப்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு தாய் ஏழு வயதுப் பெண்ணை முன்னால் தள்ளினாள். அதற்கும் அதே மூட்டுக் காய்ச்சல். "தலையில கை வையி தாயி, ஒனக்குச் சொகமானது இவளுக்கும் ஆகட்டும்." அக்காள் கை வைத்தாள். பிறகு குனிந்து அந்தத் தாயின் காதில் ஏதோ சொன்னாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என்னிடம் சொன்னாள். "நீ சொல்லும்போது எனக்கே நம்பிக்கையா இருந்துச்சு தம்பி. ஆனா படியில நிக்காததுக்குக் காரணம் வேற."

"என்ன?"

"பின்னால ஒருத்தி காணிக்கைக் கோழியத் தூக்கிட்டு நெருக்கிக்கிட்டே வந்தா. கொத்திருமோன்னு பயந்து ஏறிட்டேன். மேல போயித்தான் மூச்சு வாங்குனேன்."

இருவரும் சிரித்தோம். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எழுந்து நின்று அந்தக் கோழிக் கதையைச் சொல்லியிருந்தால் சபையும் சிரித்திருக்கும், அத்தோடு முடிந்திருக்கும்.

ஊசி நாள் வந்தது. ஊசி அறையில் அட்டை வாங்கி வைக்கும் அம்மாள் எங்கள் சபைக்காரர். கோபுரம் தெரிந்தபோது அக்காள் அட்டையை எடுக்கவில்லை. இறங்கி, ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முக்கில் நின்றாள்.

"அந்த அம்மா பாத்தா என்ன நெனப்பாவ?"

மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்புட்டுப் பேரும் அழுதாவளே தம்பி. இன்னைக்கு நான் ஊசிக்கு நின்னா ஆண்டவர் பேருக்குத்தான கொறச்சல்?"

‘ஆண்டவர் பேருக்கு இல்லை, என் பேருக்குத்தான். வா, ஊசி போடு’ என்று சொல்ல ஐந்து நிமிடம் தேவையில்லை. ஒரு மூச்சு போதும். என் வாழ்நாளில் நான் பேசியே ஆக வேண்டியிருந்த இடம் அந்தத் தெருமுனைதான். அங்கே வாய் மூடி நின்றேன். எனக்குள்ளும் ஒரு குரல், ‘விசுவாசித்தால் ஆகும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது விசுவாசத்தின் குரல் அல்ல, அச்சத்தின் குரல் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலித்தன.

ஆலயம் அருகில்தான். அங்கே போய் வரிசை முடியும் நேரம் வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு பஸ் ஏறினோம். சாட்சியைக் கேட்ட பிறகும் அம்மா எங்களை ஊசிக்கு அனுப்பத் தவறவில்லை; போட்டதாகவே நினைத்துக்கொண்டாள். அக்காள் காலைக் கொஞ்சம் இழுத்தே வீட்டுக்குள் நடந்தாள்.

இப்படி ஏழு முறை.

ஒவ்வொரு முறையும் நான் உரக்க ஜெபித்தேன். அடுக்கடுக்காகச் சொற்களைக் கட்டி ஜெபித்தேன். அவள் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்மூடி இருப்பாள். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, நான் ஆமென் சொன்ன பிறகு அவள் சொன்னது நினைவிருக்கிறது: "உண்மையா இருந்தா நல்லாருக்கும்ல."

கார்த்திகையில் ஒரு மாலை, மாநிலப் போட்டிக்கான ஒத்திகையில் பேசிக்கொண்டே இருந்தேன். தம்ளர் ஒலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. கரண்டி கையிலிருந்தது, தூக்க முடியவில்லை. பாவாடை நுனியில் தெரிந்த கால் வீங்கிப் பளபளத்தது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, நிரம்பவே இல்லை.

"நல்லாப் பேசுதடா. அதான் நிறுத்தல" என்றாள்.

மறுநாள் காலையில் வாடகைக் காரில் கொண்டுபோனோம். மருத்துவர் அட்டையைப் பார்த்தார். ஏழு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. "யாரு ஊசிய நிறுத்தச் சொன்னது?" என்று அதட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள். "மூணு வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரும் பஸ் ஏறுனீகளே?"

"நாந்தான் சார் மறந்துட்டேன்" என்று கட்டிலிலிருந்து அக்காள் சொன்னாள்.

மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவள் உடம்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் இருந்தாள். படுக்க முடியாது, தலையணைகளை அடுக்கி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் பிற்பகலில், அம்மா சுடுதண்ணீர் வாங்கப் போயிருந்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நான் பொய் சொல்லிட்டேன்க்கா."

"தெரியும்டா. முடியுமுன்னாடியே கைதட்டு வாங்குறவன்தான நீ."

"அப்ப ஏன் நின்ன அன்னைக்கு? நான் எந்திரின்னு சொன்னா எந்திரிச்சிரணுமா?"

"ஒக்காந்திருந்தா ஒம் மொகம் என்னாகும்?"

ஜெபிக்கத் தொடங்கினேன். "வானத்தையும் பூமியையும் வார்த்தையால் படைத்த வல்லவரே" என்று வாய் தன் பழக்கத்தில் ஓடியது. அவள் கட்டிலின் இரும்புக் கம்பியை விரல் மோதிரத்தால் இரண்டு முறை தட்டினாள்.

"மணி அடிச்சாச்சு. செத்த நேரம் சும்மா இரு."

சும்மா இருந்தேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது. நெடுநேரத்துக்குப் பிறகு கேட்டேன், "ஆண்டவரப் பாக்கியாக்கா?"

"பாக்கல." கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா தனியா இல்ல."

அன்று பொழுது சாயுமுன் போய்விட்டாள்.

அடக்கத்துக்குச் சபையார் வந்தார்கள். அம்மா வேலை பார்த்த கம்பெனியிலிருந்து பெண்கள் வந்து, அக்காள் மடித்து வைத்திருந்த கடைசிக் கட்டுகளை மூட்டையோடு எடுத்துப்போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு முதியவள் அம்மாவின் தோளைத் தடவியபடி சொன்னாள். "சொகத்த வாங்கியும் காத்துக்கத் தெரியாமப் போச்சே பிள்ளைக்கு. விசுவாசம் எங்கயோ தளந்திருக்கும். அழாத." இரக்கத்தோடுதான் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் ஆமோதித்தார்கள். என் அக்காளைப் பற்றி ஊர் வைத்த கடைசித் தீர்ப்பு அது. தீர்ப்பைத் திருப்பக்கூடிய ஒரே சாட்சி நான். மண் விழும் ஓசையைக் கேட்டபடி நின்றேன்.

மேடையை விட்டேன். வாய் திறந்தால் ஆலயத்தில் சொன்ன அந்த மூன்று வரிகள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் இருபத்தொரு நாள் கணக்கு என் உடம்பிலிருந்து போகவில்லை. அந்த நாள் வந்ததும் பஸ் ஏறுவேன், கோபுரம் தெரியும், இறங்கி நடந்து, ஆளில்லாத ஆலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் உட்காருவேன். முதல் சில தடவைகள் கோபத்தோடு உட்கார்ந்தேன். உமக்காகத்தானே பேசினேன் என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு, உமக்காகப் பேசவில்லை என்று நானே ஒப்புக்கொண்டேன். அதற்கும் பதில் இல்லை. ஆனால் அந்தப் பதிலின்மை முன்பு இருந்ததுபோல் வெறுமையாக இல்லை. நான் சொல்வதை முடிக்கட்டும் என்று ஒருவர் காத்திருக்கிறபோது உண்டாகும் அமைதியைப் போல இருந்தது. காணாமல் நம்புவதைப் பற்றி வாதாடிக் கேடயம் வென்றவன் நான். காணாமல் நம்புவது எப்படியிருக்கும் என்பதை அந்தப் பெஞ்சில்தான், ஒரு சொல்லும் கைவசம் இல்லாதபோதுதான் அறியத் தொடங்கினேன். அவர் என் துயரத்தை எடுத்துவிடவில்லை. அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். அதற்கு மேல் சொன்னால் மறுபடியும் மேடையாகிவிடும்.

அடுத்த தோத்திரப் பண்டிகைக்கு முந்தைய நாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்புக்கு முன்னால் இருந்தவள் திரும்பாமலே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அட்டையப் பாத்த அன்னைக்கே தெரியும். நீயா சொல்லணும்னு இத்தன மாசமாக் காத்துக்கெடந்தேன்." பிறகு, "சாப்பிடு" என்றாள். அன்றும், அதன் பிறகும், என்னை மன்னித்ததாக அவள் சொன்னதில்லை. சோறு போட்டாள்.

பண்டிகையில் சாட்சி நேரம் வந்தது. யாரும் அழைக்கவில்லை; நானே எழுந்தேன். "போன வருசம் இதே இடத்தில் என் அக்காள் சுகமானாள் என்று சொன்னேன். அவள் சுகமாகவில்லை. அது எனக்குத் தெரியும். நான் சொன்னது பொய்யாகக் கூடாது என்று அவள் ஊசியை நிறுத்தினாள். நான் தடுக்கவில்லை. அவள் விசுவாசத்தில் குறை இல்லை. குறை என்னிடம்." முதல் வரி யாரையும் பிடிக்கவில்லை; குரல் நடுவில் உடைந்து தாழ்ந்தது. ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்து என் அருகில் நின்றார்.

வெளியே படியில் அந்த வ. புதுப்பட்டித் தாய் நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் மகள், ஓராண்டு வளர்ந்து. இந்தப் பிள்ளையை நான் எப்படி மறந்தேன்?

"அக்கா, இவளுக்கு ஊசி..." என்றேன்.

"நிறுத்தல தம்பி. ஒங்க அக்கா அன்னைக்கே எங் காதுல சொன்னாளே. ‘நான் ஜெபம் பண்ணுதேன், ஆனா ஊசிய மட்டும் நிறுத்திராதீகக்கா, யாரு சொன்னாலும் நிறுத்திராதீக’ன்னு."

ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்காளுக்குத் தெரிந்திருக்கிறது, அந்த முதல் கணத்திலேயே. என் பொய் வேறு யார்மேலும் விழாதபடி தடுத்துவிட்டு, முழுவதையும் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டிருக்கிறாள். சிலுவையைப் பற்றி நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்றுதான் அதைப் பார்த்தேன்.

"அடுத்த ஊசி எப்போ?" என்று கேட்டேன்.

"வார புதன்கெழம."

புதன்கிழமை பஸ் ஏறினேன். கோபுரம் தெரிந்தது, இறங்கினேன். அந்தத் தெருமுனையில் ஆலயத்தின் பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். தாயும் மகளும் வரிசையில் நின்றிருந்தார்கள். நானும் போய் நின்றேன். வரிசை மெல்ல நகர்ந்தது. ஊசி அறையின் கதவை நெருங்கியதும் பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டது.

"வலிக்குமாண்ணே?"

"வலிக்கும்" என்றேன்.